மேல்வாரமா, விலையா? நிலத்தடிச் செல்வமும் வெளிநாட்டு முதலும்

நெல் விளையும் நிலம் அறுவடைக்குப் பின்னும் நிலமாகவே இருக்கிறது. அடுத்த மழைக்கு மீண்டும் விளைகிறது. செம்பு கிடக்கும் நிலத்துக்கு அந்த வரம் இல்லை. தோண்டி எடுத்த தாது மறுபடி முளைக்காது. ஒரு தலைமுறை எடுத்து முடித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது பள்ளமும் கசடுக் குன்றுகளும்தான். ஏழை நாட்டின் சுரங்கத் துறையில் வெளிநாட்டு முதலீடு என்ன செய்கிறது என்று ஆராய்பவர்கள் ஏற்றுமதி, வேலைவாய்ப்பு, வரி வருவாய் என்ற மூன்று கணக்குகளைப் பார்க்கிறார்கள். அவை வேண்டிய கணக்குகளே. ஆனால் அவற்றுக்கு முன்பே தீர்க்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. தோண்டப்படுவது யாருடைய பொருள்? அதைப் பிறருக்குக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த எல்லை வரை இருக்கிறது? இது பொருளியலுக்குள் அடங்காத அறக்கேள்வி. சமயங்களும் சட்ட அறிஞர்களும் நெடுங்காலம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இதற்குச் சொல்லும் விடை மாறினால் மற்ற மூன்று கணக்குகளும் மாறிவிடும்.

இக்கேள்வியைத் தெளிவாகப் பார்க்க ஆப்பிரிக்காவின் சாம்பியாவைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கடலில்லாத அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு செம்பிலிருந்து வருகிறது. வெளிநாட்டு நிறுவன ஆட்சி, நாட்டுடைமை, தனியார்மயம், மீண்டும் அரசின் தலையீடு என்று ஒரு நாடு முயன்று பார்க்கக்கூடிய எல்லா வழிகளையும் அது ஒரே நூற்றாண்டில் பார்த்துவிட்டது.

சாம்பியாவின் செம்பை ஐரோப்பியர் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். 1902-இல் ஒரு வெள்ளையர் மான் ஒன்றைச் சுட்டபோது அது விழுந்த பாறையில் செம்பின் பச்சை நிறம் தெரிந்தது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில் கன்சான்ஷி போன்ற இடங்களில் உள்ளூர் மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செம்பைத் தோண்டி உருக்கி வந்திருக்கிறார்கள். சாம்பேசி ஆற்றையொட்டிய இங்கோம்பே இலேடே என்னும் தொல்லியல் இடத்தில், செம்பை வார்த்துச் செய்த சிலுவை வடிவக் கட்டிகள் புதைகுழிகளில் கிடைத்தன. அந்தக் கட்டிகள் அந்த வட்டாரத்தில் செல்வமாகவும் பணமாகவும் புழங்கியவை. ஆகவே 'யாரும் தொடாத பொருளை உழைப்பால் எடுத்தவனுக்கே அது சொந்தம்' என்ற வாதத்தை வைத்துப் பார்த்தாலும், முதல் உரிமை வெள்ளையருடையதாக இருக்கவில்லை.

பிறகு உரிமை எப்படிக் கை மாறியது? 1890-இல் செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் முகவர் லோக்னர், லோசி மக்களின் அரசர் லெவனிகாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு 2,000 பவுன் தருவதாகவும் பாதுகாப்பு அளிப்பதாகவும் கம்பெனி சொன்னது. பதிலுக்குக் கனிம உரிமையைப் பெற்றது. அரசரோடு நெருக்கமாக இருந்த பிரெஞ்சு புரொட்டஸ்டண்ட் மறைப்பணியாளர் ஃபிரான்சுவா கொய்யார் ஒப்பந்தத்துக்கு ஊக்கமளித்தார். பிரிட்டிஷ் அரசியாரின் பாதுகாப்பைப் பெறுவதாக நம்பிக் கையொப்பமிட்ட லெவனிகா, ஒரு வணிகக் கம்பெனியிடம் சிக்கியதைப் பின்னரே உணர்ந்து தாம் ஏமாற்றப்பட்டதாக முறையிட்டார். இதில் இன்னொரு செய்தி முக்கியமானது. பின்னாளில் பெருஞ்செல்வம் கொடுத்த காப்பர்பெல்ட் வட்டாரம் லோசி அரசின் நிலமே அன்று. அது லம்பா மக்களும் அவர்களை அடுத்திருந்தவர்களும் வாழ்ந்த மண். தமக்குரியதல்லாத நிலத்தை ஓர் அரசர் எழுதிக்கொடுத்தார், எழுதி வாங்கியவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தாளைக் காட்டி உரிமை கொண்டாடினார்கள்.

1964 அக்டோபர் 24 அன்று சாம்பியா விடுதலை பெற்றது. அதன் முந்தைய நாள் வரை, தோண்டப்பட்ட ஒவ்வொரு டன் செம்புக்கும் ராயல்டி கம்பெனிக்கே போய்க்கொண்டிருந்தது. கடைசி நேரப் பேச்சில் கம்பெனி 40 லட்சம் பவுன் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தது. அதில் பாதியைப் பிரிட்டன் கொடுத்தது, மறுபாதியைப் பிறக்கவிருந்த நாடு கொடுத்தது. தன் காலடி மண்ணுக்குத் தானே விலை கொடுத்துத்தான் அந்த நாடு தொடங்கியது. அன்று அந்நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஆப்பிரிக்கர்கள் நூறு பேரை ஒட்டியே இருந்தார்கள். அவ்வளவு செம்பு போன வழியில் ஒரு பல்கலைக்கழகம்கூட எழவில்லை என்பதை வைத்தே காலனியக் காலத்து முதலீட்டின் பொருளாதார விளைவை எடைபோடலாம்.

உரிமையைப் பற்றிச் சிந்தனையாளர்கள் சொன்னவை ஒரே திசையில் செல்லவில்லை. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டில், இயற்கைப் பொருளில் ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையதாகிறது என்றார். சுரங்க நிறுவனங்களின் வாதம் இன்றுவரை இதன் மேல்தான் நிற்கிறது: பாறைக்குள் கிடக்கும் செம்பால் யாருக்கும் பயனில்லை, மூலதனமும் தொழில்நுட்பமும்தான் அதைச் செல்வமாக்குகின்றன. ஆனால் லாக் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். பிறருக்கும் அதே அளவு, அதே தரத்தில் மிச்சமிருக்க வேண்டும் என்பது அது. ஆற்றுநீரை ஒருவர் அள்ளிக் குடிக்கும்போது அந்த நிபந்தனை நிறைவேறுகிறது. தீர்ந்துபோகும் தாதுவில் அது ஒருபோதும் நிறைவேறாது. லாக்கின் கொள்கையைத் துணைக்கு அழைப்பவர்கள் அதன் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள்.

கத்தோலிக்க மரபு வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறது. பொருளை நிர்வகிக்கத் தனியுடைமை ஏற்கத்தக்கது, பயன்பாட்டில் அது பொதுவானதாக எண்ணப்பட வேண்டும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் எழுதினார். மண்ணுலகின் நலன்கள் மனிதர் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதையே உறுதிப்படுத்தியது. 2015-இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' மடல், தலைமுறைகளுக்கு இடையிலான நீதியையும், வடக்கு நாடுகள் தெற்கு நாடுகளுக்குப் பட்டிருக்கும் சுற்றுச்சூழல் கடனையும் பேசியது.

இசுலாமிய சட்ட மரபில் இக்கேள்விக்கு நேரடியாகவே ஒரு வழக்கு உண்டு. ஏமன் நாட்டைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் என்பவர் நபிகள் நாயகத்திடம் வந்து மாரிப் பகுதியின் உப்புப் படிவைத் தமக்கு மானியமாகக் கேட்டார். அது வழங்கப்பட்டது. அவர் திரும்பியதும் அங்கிருந்த ஒருவர், வற்றாமல் ஊறும் நீரைப் போன்ற ஒன்றை அல்லவா கொடுத்துவிட்டீர்கள் என்று எடுத்துச் சொன்னார். உடனே அந்த மானியம் திரும்பப் பெறப்பட்டது. கொடுத்தவர் இறைத்தூதரே ஆனாலும், பொருளின் தன்மை தெரியாமல் கொடுத்த உரிமை நிலைக்கவில்லை. இதிலிருந்து சட்ட அறிஞர்கள் ஒரு பாகுபாட்டை வளர்த்தெடுத்தார்கள். மேற்பரப்பில் எளிதாகக் கிடைக்கும் கனிமம் எல்லோருக்கும் பொது, அதைத் தனியொருவருக்கு எழுதிக்கொடுக்க ஆட்சியாளருக்கும் அதிகாரமில்லை. ஆழத்தில் இருந்து, செலவும் உழைப்பும் கேட்கும் கனிமத்தில் மட்டும் ஒருவருக்கு உரிமை தருவது பற்றிப் பேச இடமுண்டு. மாலிகி சட்டப்பள்ளி இன்னும் ஒரு படி மேலே சென்று, தனியார் நிலத்தடியில் கிடந்தாலும் கனிமம் சமூகத்தின் சார்பாக ஆட்சியாளரின் பொறுப்பில் இருக்கிறது என்றது.

அர்த்தசாஸ்திரமும் வியக்கத்தக்க வகையில் இதே கோட்டைத்தான் வரைகிறது. குறைந்த செலவில் நடத்தக்கூடிய சுரங்கத்தை அரசே நடத்தவேண்டும். பெருஞ்செலவும் கடும் முயற்சியும் வேண்டிய சுரங்கத்தைப் பங்குக்கோ குத்தகைக்கோ விடலாம். சமயத்தாலும் காலத்தாலும் தொலைவில் இருக்கும் இரண்டு மரபுகள் ஒரே கருத்துக்கு வந்திருக்கின்றன. முதல் போட்டு, துணிந்து, உழைத்து எடுப்பவருக்கு அந்த முதலுக்கும் துணிவுக்கும் உழைப்புக்கும் உரிய ஊதியம் சேரவேண்டும். இயற்கை கொடுத்த பகுதிக்கு அவர் உரிமை கோர முடியாது.

பொருளியலாளர்கள் இந்த இரண்டாம் பகுதியைத்தான் 'ரென்ட்' என்கிறார்கள். 1817-இல் டேவிட் ரிக்கார்டோ வேளாண் நிலத்தோடு சுரங்கத்தையும் சேர்த்தே இதை விளக்கினார். தமிழில் இதற்கு நெருங்கிய சொல் மேல்வாரம். பயிரிட்டவருக்குக் குடிவாரம், நிலத்தின் தலைமைக்கு மேல்வாரம் என்று விளைச்சலைப் பிரித்த பழைய ஏற்பாட்டை ராயல்டி நினைவூட்டுகிறது. ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது. மேல்வாரம் ஆண்டுதோறும் வரும், நிலம் அப்படியே இருக்கும். சுரங்கத்தில் நிலமே கூடை கூடையாக விற்கப்படுகிறது. அரசின் கைக்கு வரும் பணத்தை வருமானம் என்று எழுதுவதே தவறு. அது குடும்பச் சொத்தின் ஒரு துண்டை விற்றுக் கிடைத்த விலை. சாம்பியாவின் நூறாண்டுத் துயரத்தில் பெரும்பங்கு இந்த ஒரு பிழையிலிருந்து வந்தது. அதைச் செய்தவர்கள் வெளிநாட்டார் மட்டுமல்லர்.

நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கௌண்டா ஒரு மறைப்பணியாளரின் மகன். கிறித்தவ அன்பையும் ஆப்பிரிக்கக் கிராமத்தின் பகிர்வு வாழ்வையும் சேர்த்து 'சாம்பிய மனிதநேயம்' என்றொரு தத்துவத்தை அவர் முன்வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1962 டிசம்பரில், ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1803-ஆம் எண்ணுள்ள தீர்மானத்தில் இயற்கை வளங்களின் மேல் மக்களுக்கு நிரந்தர இறைமை உண்டென்று அறிவித்திருந்தது. இவ்விரண்டின் துணையோடு 1969-இல் கௌண்டா செம்புச் சுரங்கங்களின் 51 விழுக்காட்டை அரசுக்கு எடுத்தார். அந்த நேரத்தில் உற்பத்தி ஆண்டுக்கு 7 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 1982-இல் எல்லாச் சுரங்கங்களும் 'சாம்பிய ஒருங்கிணைந்த செம்புச் சுரங்கங்கள்' என்ற ஒரே நிறுவனத்தில் சேர்ந்தன.

அந்த நிறுவனம் செய்த நல்லவற்றை மறைப்பது நேர்மையாகாது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், வீடு, கொசு ஒழிப்பு, கால்பந்து அணி என்று சுரங்க நகரங்களின் வாழ்வு முழுவதையும் அது தாங்கியது. ஆனால் சுரங்கத்துக்குள் புதிய முதல் போகவில்லை. 1974 ஏப்ரலில் உச்சத்தைத் தொட்ட செம்பு விலை அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. எண்ணெய் விலையோ ஏறிநின்றது. விலை மீளும் என்று நம்பி அரசு கடன் வாங்கியது. விலை மீளவில்லை, கடன் வளர்ந்தது. பழைய கிடங்குகளும் இயந்திரங்களும் தேய, உற்பத்தி 2000-ஆம் ஆண்டளவில் இரண்டரை லட்சம் டன்னுக்கு இறங்கியது. கடைசி ஆண்டுகளில் நிறுவனம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் இழந்துகொண்டிருந்தது. உரிமை மக்கள் பெயருக்கு வந்தும், விதைநெல்லைச் சமைத்து உண்ணும் பழக்கம் மாறவில்லை. இறைமை இருந்தது, அறங்காவலுக்குரிய ஒழுக்கம் இல்லை. இந்த வேறுபாட்டைக் கௌண்டாவின் தத்துவம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

1991-இல் ஆட்சிக்கு வந்த ஃபிரெடரிக் சிலூபா அந்த ஆண்டின் கடைசியில் சாம்பியாவைக் கிறித்தவ நாடென்று அறிவித்தார். அவர் ஆட்சியில்தான், கடன் கொடுத்த அமைப்புகளின் அழுத்தத்தின் கீழ், 1997 முதல் 2000 வரை சுரங்கங்கள் துண்டு துண்டாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. ஒவ்வொரு நிறுவனத்தோடும் 'வளர்ச்சி ஒப்பந்தம்' தனியாகப் போடப்பட்டது. அவை நெடுங்காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. சட்டத்தில் 3 விழுக்காடாக இருந்த ராயல்டி, ஒப்பந்தங்களில் 0.6 விழுக்காடாக்கப்பட்டது. பழைய நட்டத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்னைய இலாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி விகிதம் 15 முதல் 20 ஆண்டுகள் வரை மாற்றப்படாது என்ற உறுதியும் இருந்தது.

2001-இல் டன் 1,600 டாலரை ஒட்டி இருந்த செம்பு, 2006-இல் 8,000 டாலரைக் கடந்தது. 8,000 டாலர் செம்புக்கு 0.6 விழுக்காடு ராயல்டி என்றால் 48 டாலர். ஒரு டன் செம்பு நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போனதற்கு அந்நாட்டு மக்களுக்கு உடைமையாளர் என்ற வகையில் கிடைத்தது அவ்வளவே. 2004-இல் நாட்டின் மிகப் பெரிய சுரங்கங்களில் ஒன்றான கொன்கோலாவின் 51 விழுக்காட்டை, லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா நிறுவனம் 2.5 கோடி டாலர் ரொக்கத்துக்கு வாங்கியது. ஒரு பகுதியைப் பின்னர் தருவதாக ஏற்றது. வாங்கியதிலிருந்து இரண்டே ஆண்டுகளில் செம்பின் சராசரி விலை இருமடங்கைத் தாண்டியது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அதே கொன்கோலாவை 2000-இல் எடுத்த ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம், விலை வீழ்ச்சியைத் தாங்காமல் 2002-இல் விலகிக்கொண்டது. முதலீட்டாளரின் துணிச்சல் வெறும் பேச்சில்லை என்பதற்கு அது சான்று. வெளிநாட்டு முதல் வந்தபிறகு வடமேற்கில் கன்சான்ஷி பெருஞ்சுரங்கமாக வளர்ந்தது, பிறகு சென்டினல் என்ற புதிய சுரங்கம் திறக்கப்பட்டது. இரண்டரை லட்சம் டன்னுக்கு விழுந்திருந்த உற்பத்தி மீண்டும் 7 லட்சம் டன்னை எட்டியது. அரசு நிறுவனத்தால் இது முடிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உற்பத்தி திரும்பிய அளவுக்கு வாழ்வு திரும்பவில்லை. 1970-களின் நடுவில் 60,000-ஐத் தாண்டியிருந்த சுரங்க வேலைகள் நூற்றாண்டு முடிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகியிருந்தன. பின்னர் வந்த வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலி வேலை. பழைய நிறுவனம் தாங்கிய மருத்துவமனைகளையும் குடிநீரையும் தாங்க ஆளில்லை. 2022-இல் அரசே நடத்திய கணக்கெடுப்பில் மக்களில் 60 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். டன் கணக்கு உயர்வதும் மக்கள் நலம் உயர்வதும் தனித்தனிச் செய்திகள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே கடினமான ஓர் அறச்சிக்கல் எழுகிறது. ஒப்பந்தம் என்பது வாக்கு, வாக்கு மாறலாமா? 2008-இல் குடியரசுத் தலைவர் லெவி முவனவாசா பழைய ஒப்பந்தங்களைச் சட்டத்தால் மீறி, விலை உயர உயர ஏறும் திடீர் இலாப வரியைக் கொண்டுவந்தபோது நிறுவனங்கள் இதைத்தான் கேட்டன. அந்த ஆண்டே அவர் இறந்தார், செம்பு விலையும் சரிந்தது, 2009-இல் அவ்வரி நீக்கப்பட்டது. நிறுவனங்களின் கேள்வி இலேசானதன்று. வாக்கு நிலைக்காத நாட்டில் முதல் போட யாரும் முன்வரமாட்டார்கள், வருபவர்களும் அந்த அச்சத்துக்கு ஈடாகக் கூடுதல் இலாபம் கேட்பார்கள். ஆயினும் வாக்கு ஒருவரைக் கட்டுப்படுத்துவதற்குச் சில நிபந்தனைகள் உண்டென்று எல்லா அற மரபுகளும் ஏற்கின்றன. கொடுத்தவர் தம் விருப்பத்தோடு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த பொருள் அவருடையதாக இருக்கவேண்டும். நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் இழந்துகொண்டு, கடன்காரர் வாசலில் நின்ற அரசின் விருப்பம் எவ்வளவு தூரம் விருப்பம்? பிறக்காத தலைமுறையின் சொத்தை இருபது ஆண்டுக்கு ஒரே விலையில் கட்டிவைக்க அந்த அமைச்சரவைக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? ரோம சட்ட மரபில், நிலத்தைப் பாதி மதிப்புக்கும் குறைவாக விற்றவர் அந்த விற்பனையைத் தள்ளச்சொல்லிக் கேட்க வழியிருந்தது. மாரிப் உப்பின் வழக்கு சொல்வதும் இதையேதான். முவனவாசாவின் வழிமுறை அவசரமானதாக இருக்கலாம். அவர் திருத்த முயன்றது உண்மையான அநீதி. ஆரம்பத்திலேயே விலையோடு ஏறி இறங்கும் ராயல்டியை எழுதியிருந்தால் வாக்கும் பிழைத்திருக்கும், நீதியும் பிழைத்திருக்கும்.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுகூட முழுதாக வந்துசேர்வதில்லை. சுரங்கமும் செம்பை வாங்கும் வணிக நிறுவனமும் ஒரே குழுமத்துக்குள் இருந்தால், சுரங்கம் குறைந்த விலைக்கு விற்று இலாபத்தை வரி குறைந்த நாட்டில் காட்ட முடியும். கிளென்கோர் குழுமத்தின் மொபானி சுரங்கம் 2006 முதல் 2009 வரை தன் குழுமத்துக்குள் செய்த செம்பு விற்பனை பற்றிய வரி வழக்கில், 2020-இல் சாம்பிய உச்ச நீதிமன்றம் வரித்துறைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் பத்தாண்டு கடந்திருந்தது. ஆங்காங்கே ஒரு விலையைச் சற்றுக் குறைத்து எழுதுவது யாருக்கும் கண்ணில் படும் திருட்டாகத் தெரியாது. அதனாலேயே வரித்துறையில் கெட்டிக்காரக் கணக்காளர் இருபது பேரை அமர்த்துவது, ஒரு புதிய சுரங்கத்தைத் திறப்பதற்கு ஈடான பொதுநலப் பணி.

கிடைத்த பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் பொருளியல் தெளிவான ஒரு விதியைத் தந்திருக்கிறது. தீரும் வளத்திலிருந்து வரும் வாரம் முழுவதையும் தீராத மூலதனமாக, அதாவது கல்வியாக, சாலையாக, நிதியாக மாற்றினால் மட்டுமே அடுத்த தலைமுறை ஏழையாகாது என்று 1977-இல் ஜான் ஹார்ட்விக் காட்டினார். சாம்பியாவின் தெற்கே இருக்கும் போட்ஸ்வானா இந்த விதிக்கு நெருக்கமாக நடந்தது. அதன் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து நாட்டுக்கு மாற்றும் சட்டத்தை 1967-இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஒராபாவில் வைரம் கிடைத்தது; அது அவருடைய சொந்த இனக்குழுவின் நிலம். வெளிநாட்டு நிறுவனமான டி பியர்ஸை அவர் விரட்டவில்லை. தோண்டும் நிறுவனத்தில் அரசின் பங்கை 1970-களில் பாதியாக உயர்த்தினார். 1994-இல் அந்நாடு வைரப் பணத்தைச் சேமிக்கப் புலா நிதியை நிறுவியது. வைரத்தையே நம்பியிருக்கும் தொல்லை போட்ஸ்வானாவுக்கும் உண்டு. ஆயினும் ஒரே வட்டாரத்தில் இரு நாடுகள் வேறுவேறு நிலையை அடைந்ததற்கு, வெளிநாட்டு முதலை ஏற்றதோ மறுத்ததோ காரணமில்லை. எந்தப் பெயரில் பணத்தை வாங்கி எழுதினார்கள் என்பதே வேறுபாடு. இந்தியாவிலும் 2014-இல் உச்ச நீதிமன்றம், கோவாவின் இரும்புத் தாது விற்பனையில் 10 விழுக்காட்டை நிரந்தர நிதியில் சேர்க்க உத்தரவிட்டது. சாம்பியாவோ 2005-இல் பெருங்கடன் தள்ளுபடி பெற்று, செம்பு விலை உயர்ந்திருந்த ஆண்டுகளில் சேமிப்பு நிதி எதையும் கட்டாமல், 2012 முதல் 300 கோடி டாலருக்கு அயல்நாட்டுக் கடன் பத்திரங்களை விற்று, 2020 நவம்பரில் வட்டி கட்டமுடியாமல் நின்றது.

விலையாக மாற்றமுடியாத இழப்புகளும் உண்டு. காப்பர்பெல்ட்டின் மக்கள் குடிப்பது காஃபுவே ஆற்று நீரை. 2006-இல் சிங்கோலா அருகே கொன்கோலாவின் சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. அது பற்றிய உள்நாட்டு வழக்கு 2015-இல் சாம்பிய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது நிறுவனம் பொறுப்பென்று உறுதியானது, ஆனால் இழப்பீடு பெறத் தகுதியானவர்களாகப் பன்னிரண்டு பேர் மட்டுமே ஏற்கப்பட்டார்கள். அந்தப் பகுதியின் கிராம மக்கள் 1,826 பேர் இங்கிலாந்தில் தாய் நிறுவனமான வேதாந்தாவின் மேலும் அதன் சாம்பியக் கிளையின் மேலும் வேறொரு வழக்குத் தொடுத்தார்கள். அதை அங்கேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் அது பொறுப்பை ஒப்புக்கொள்ளாத சமரசத்தில் முடிந்தது. தூத்துக்குடியில் செம்பு ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மேல் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்ததை மறக்காத தமிழருக்கு, அந்தச் செம்பு ஆலையை நடத்தியதும் இதே குழுமம் என்பது தெரிந்ததே. 2025 பிப்ரவரியில் சாம்பிஷியில் சீன நிறுவனம் ஒன்றின் கழிவு அணை உடைந்து அமிலநீர் காஃபுவேயை அடைந்தது. மீன்கள் மிதந்தன, கிட்வே நகரின் குடிநீர் நிறுத்தப்பட்டது. முதலின் தேசம் மாறினாலும் ஆற்றுக்கு நேர்வது மாறவில்லை.

இலாபம் எல்லை கடந்து தாய் நிறுவனத்துக்குப் போகலாம், பொறுப்பு மட்டும் கிளை நிறுவனத்தோடு நிற்கும் என்பது சட்டம் வகுத்த வசதி. அறத்தில் அதற்கு இடமில்லை. பங்கு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2010-இல் இங்கிலாந்துத் திருச்சபை, ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் திட்டத்தை முன்னிட்டு, வேதாந்தாவில் வைத்திருந்த 38 இலட்சம் பவுன் மதிப்புள்ள பங்குகளை விற்றுவிட்டது.

அந்த மலையின் கதை கேள்வியை இன்னும் ஆழமாக்குகிறது. டோங்ரியா கோந்து மக்களுக்கு நியம்கிரி, நியமராசா என்னும் தெய்வத்தின் இருப்பிடம். 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், சுரங்கம் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதிக்கிறதா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. இங்கே வாரம், விலை, நிதி என்ற பேச்சு எதுவும் செல்லாது. சில இடங்களை விற்கவே கூடாது என்று அங்கு வாழ்பவர்கள் சொன்னால், எவ்வளவு உயர்ந்த ராயல்டியும் அதற்கு விடையாகாது. எல் சால்வடோரில் கத்தோலிக்கப் பேராயரும் மக்கள் இயக்கங்களும் முன்னின்றதால் 2017-இல் நாடாளுமன்றம் உலோகச் சுரங்கம் அனைத்தையும் தடை செய்தது. குடிநீரைக் காப்பது தங்கத்தைவிட மேல் என்பது அவர்களின் வாதம். 2024 டிசம்பரில் வேறொரு நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஒரு தலைமுறையின் மறுப்புக்குக்கூட அடுத்த ஆட்சிவரைதான் ஆயுள் என்றால், பிறக்காதவர்களின் உரிமையைக் காக்க இன்னும் வலுவான ஏற்பாடு வேண்டும்.

சாம்பிய அரசு 2031-க்குள் ஆண்டுக்கு 30 லட்சம் டன் செம்பு எடுக்க இலக்கு வைத்திருக்கிறது. மின்வாகனங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் உலகம் செம்பு கேட்கிறது. புதிய முதல் பல நாடுகளிலிருந்து வரிசையில் நிற்கிறது. இலக்கு எட்டப்பட்டால் தாது முன்னைவிட நான்கு மடங்கு வேகத்தில் தீரும்.

அந்நாட்டின் பழைய சுரங்க நகரமான கப்வேயில் ஈயமும் துத்தநாகமும் நூறாண்டை ஒட்டித் தோண்டப்பட்டன. 1921-இல் அந்தச் சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுப் பழமையான தொல்மனிதர் ஒருவரின் மண்டை ஓடு கிடைத்தது; அது லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது. சுரங்கம் 1994-இல் மூடப்பட்டது. கசடு ஊரின் நடுவே விடப்பட்டது. மூடி முப்பது ஆண்டுகள் ஆனபிறகும் அந்தக் கசட்டின் ஈயம், சுரங்கத்தைக் கண்ணால் பார்த்திராத கப்வேக் குழந்தைகளின் இரத்தத்தில் இருக்கிறது.